வீட்டு அதிகாரி

என் மகன் நாடு நாடாகப் போய்ப் பேப்பருக்கு எழுதிப் பிழைக்கிறவன். அவன் கிளம்பின அன்று காலையில் அவனுக்கும் என் மருமகளுக்கும் நடந்த சண்டையைத்தான் போன வாரம் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். "நீங்க திரும்பி வரும்போது நான் இந்த வீட்டுல இருப்பேன்னு நினைக்காதீங்க" என்று அவள் சொன்னாள். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

அதற்கப்புறம் வந்த நாலாவது வியாழக்கிழமை நடந்தது இது. அவள் இங்கேதான் இருக்கிறாள். பேச்சுதான் குறைந்துபோயிற்று.

வியாழக்கிழமையானால் பேப்பரோடு வருகிற இணைப்பின் கடைசிப் பக்கத்தில் 'ஊர்சுற்றி' என்ற பெயரில் அவன் கட்டுரை வரும். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற வேலை மருமகளுக்கு. கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கட்டுரையை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் பொறுமை கிடையாது. அச்சில் வந்துவிட்டால் அது நிஜம் என்று நம்புகிற ஆளும் இல்லை. பெற்ற பிள்ளை எழுதுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்தக் கடைசிப் பக்கத்தை நாங்கள் நம்பினோம். கட்டுரை வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அவன் போகிற இடங்களில் போன் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கட்டுரை தவறியதே இல்லை. அதைப் படித்துவிட்டால் அடுத்த வியாழன் வரை இருவருக்கும் தூக்கம் வரும்.

அன்றைக்கும் படித்தாள்.

"கடல் இன்று சமர்த்தாக இருக்கிறது. என் விடுதியின் நீல ஜன்னலைத் திறந்தால் மீன் வலையும் துவைத்த துணியும் ஒரே கொடியில் காய்கின்றன. நேற்று வீட்டு அதிகாரி போனில் வந்தார். மொட்டை மாடி ஒழுகுகிறதாம். படுக்கை அறைக்கு நடுவில் வாளி வைத்திருக்கிறாராம். 'நீங்க கடல் பார்க்கப் போனீங்க. கடல் என்னைப் பார்க்க வீட்டுக்கே வந்துடுச்சு' என்கிறார்."

'வீட்டு அதிகாரி' என்றால் அவள்தான். கட்டுரையில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. வாரா வாரம் அந்த அதிகாரி போனில் கத்துவார், கணக்குக் கேட்பார், மிரட்டுவார். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கடைத்தெருவில் சிலர் இவளைப் பார்த்தே சிரித்ததுண்டு.

"ஒழுகுதா?" என்றேன். "எங்க ஒழுகுது? அவன் கிளம்பின வாரமே நான் மேல ஏறி தார் ஷீட் ஒட்டி அடைச்சேனே!"

"கட்டுரைக்காகச் சேர்த்திருப்பார் மாமா. நான் பேசாததை எல்லாம்தான் நான் பேசினேன்னு எழுதுவாரே."

"பேசினது பொய்யா இருக்கட்டும். ஒழுக்குமா பொய்யி? நான் அடைச்சது அவனுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினப்ப நான்தான் சொன்னேன். அப்பாவை இந்த வயசுல மாடி ஏற விட்டியான்னு என்னையே திட்டினார்..."

அதோடு நிறுத்திவிட்டாள். பேப்பரை மேஜைமேல் வைத்தாள். மறுபடியும் எடுத்து அந்த வரியை மனசுக்குள் படித்தாள்.

"அடைச்சது தெரிஞ்சப்புறம் இப்படி எழுத மாட்டார் மாமா. அந்த போனுக்கு முன்னாடி எழுதினது இது."

"முன்னாடின்னா?"

"கிளம்புறதுக்கே முன்னாடி. இங்க உட்கார்ந்து, இந்த வீட்டுல."

அந்த ஒரு போனுக்கப்புறம் அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை. கட்டுரை வருகிறதே என்று சும்மா இருந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொன்னாள். நான் சட்டையை மாட்டினேன். பஸ் ஏறிப் பேப்பர் ஆபீஸுக்குப் போனோம்.

கீழே வரவேற்பில் இருந்த பெண் எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு அட்டையைத் தொங்கவிட்டாள். மூன்றாவது மாடியில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு. பெயர்தான் பெரிது. ஏழெட்டு நாற்காலியில் இரண்டில்தான் ஆள் இருந்தது. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதில் யாரோ ஒருவர் வாயை வாயைத் திறந்தார். ஜன்னல் ஓரம் பிரிக்காத புத்தகப் பார்சல்கள் தூசி பிடித்துக் கிடந்தன.

அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் ஒருவர். ஒல்லியான ஆள். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"வாங்கம்மா. ஐயா, வாங்க, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ எங்க தெருவுலயே கிடைக்குது" என்றேன். "என் பிள்ளை எங்க?"

"அந்தக் கடற்கரை ஊர்லதான் ஐயா. இன்னைக்குக்கூடக் கட்டுரை வந்திருக்கே, பார்க்கலையா?"

"அது எப்ப எழுதினது?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். டிக்கெட் எடுக்காதவன் கண்டக்டரைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பான். அந்த முகம்தான் அவருக்கும். இந்த ஆள் என் பிள்ளையை வைத்து என்னமோ தில்லுமுல்லு பண்ணியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"தங்கப்போற விடுதியோட படத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்துட்டுப் போனார்" என்றார். "நாலு கட்டுரை. இன்னைக்கு வந்தது நாலாவது."

"ஏன்?" என்று மருமகள் கேட்டாள்.

"அவர் அந்த ஊர்ல இல்லைம்மா. ரெண்டு நாள்தான் இருந்தார். அங்கிருந்து மலைக்குள்ள போயிருக்கார். உள்ள ஒரு சுரங்கம் இருக்கு. வெளி ஆளை விட மாட்டாங்க. வேலைக்குப் போனவங்க திரும்பலைன்னு ஒரு தகவல். போய்ப் பார்த்து எழுதணும்னு ஒத்தைக் காலில் நின்னார். அவர் உள்ள இருக்கிற நாள் பூரா கடற்கரையில காத்து வாங்குற மாதிரி இங்க கட்டுரை வரணும்னு திட்டம் போட்டதும் அவர்தான்."

"எப்ப திரும்பணும்?"

"போன வாரமே கடற்கரைக்கு வந்து எனக்கு போன் பண்ணியிருக்கணும்."

"பண்ணலையா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஒரு வாரமா என் பிள்ளையைக் காணோம். நீ இங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுக் கடல் சமர்த்தா இருக்குன்னு அச்சடிக்கிறியா? எழுந்திரும்மா. போலீஸுக்குப் போவோம். நாலு டிவிக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லுவோம்."

"ஐயா, கத்தாதீங்க. கும்பிட்டுக் கேட்கிறேன்." கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "காணோம்னு வெளியில வந்தா, எங்க போனார்னு முதல்ல தேடப்போறது அந்த நாட்டுப் போலீஸ்தான். அனுமதியில்லாம அந்த மலைக்குள்ள இருந்தா வேவு பார்க்க வந்தவன்னுதான் கேஸ் எழுதுவாங்க. இப்ப அவர் எங்கயோ மறைஞ்சு, வெளியில வர வழி பார்த்துக்கிட்டிருக்கலாம். நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"இருக்கலாமா? இல்லாமலும் இருக்கலாம், இல்ல?"

"ஆமா ஐயா. எனக்குத் தெரியாது."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தேன். அந்த முகத்தில் இருந்தது திருட்டு இல்லை, பயம் என்று அப்போதுதான் புரிந்தது.

மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அந்தச் சுரங்கம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள்.

"அது உங்களுக்குத் தெரிய வேணாம்மா. யாராவது வந்து உங்களைக் கேட்டாலும் கேட்பாங்க. தெரியாம இருக்கிறது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது."

"சரி. அடுத்த வியாழக்கிழமைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அவர் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதுதான் தெரியலை. இணைப்புக்கு ஒரு வாரம் முன்னாலயே பக்கம் முடிச்சு அனுப்பிடணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டுரை வேணும். வரலைன்னா கேள்வி வரும். அந்த நாட்டுத் தூதரகத்துல ஒருத்தர் இருக்கார். பத்திரிகைக்காரங்களோட பேசுறதுதான் அவர் வேலை. நம்ம பாஷை நம்மைவிட நல்லாப் பேசுவார். ஊர்சுற்றின்னா அவருக்கு உயிர். ஒரு வாரம்கூட விடாமப் படிக்கிறார்."

"நீங்களே ஒண்ணு எழுதலாமே."

"எழுதினேன். வெள்ள நிவாரணச் செய்தி மாதிரி இருக்கு."

அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "ஆமா" என்றாள். பிறகு, "நாற்காலியைக் கொஞ்சம் விடுங்க" என்றாள்.

இதை நான் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அவன் எங்கிருந்தாலும் போனில் சொல்லச் சொல்ல இவள்தான் டைப் அடித்து ஆபீஸுக்கு அனுப்புவாள். அவன் தலையும் காலும் இல்லாமல் உளறுவான். இவள் அதை வரியாக்குவாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். இந்தத் தடவை 'நேரா ஆபீஸுக்கே அனுப்பிக்கிறேன், நீ சிரமப்படாதே' என்று சொல்லியிருந்தான். அந்தச் சண்டையில் பாதி அதனால் வந்தது. தன்னை வேண்டாம் என்றுதான் அவன் விலக்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இது வேணாம்மா" என்றேன். "இருக்கானா இல்லையான்னே தெரியாத ஆளு காத்து வாங்குறான்னு நாமளே எழுதுறதா?"

"மாமா, அவர் இருக்கார்னா இது வேணும். இல்லைன்னா இதனால ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

ஒரு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

டைப் அடிக்க ஆரம்பித்தாள். அந்த ஊர்க் கடலை அவள் கண்ணால் கண்டதில்லை. பழைய கட்டுரைகளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். வலை, துணிக்கொடி, பேப்பர்க் கப்பில் டீ விற்கிற ஆள், அவனுடைய நொண்டி நாய் எல்லாம் வந்தன. விரல் தன் பாட்டுக்கு ஓடியது. ஓடினது சட்டென்று நின்றது.

"என்னம்மா?"

"இந்த இடத்துல வீட்டு அதிகாரி வரணும். நான் அவர்கிட்ட என்ன சொல்லிக் கத்தியிருப்பேன் மாமா?"

"நீ எங்க கத்துவ? நீ பேசுறதே மத்தவங்களுக்குக் கேட்காது."

"கட்டுரையில கத்தணுமே."

"அப்ப என்னைத் திட்டினதா எழுது. கிழவன் மாடியை விட்டு இறங்க மாட்டேங்கிறான்னு."

லேசாகச் சிரித்தாள். வெகு நாளைக்கப்புறம் சிரித்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் அடித்தாள். ஆசிரியர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தார்.

"வீட்டு அதிகாரி போனில் வந்தார். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. 'நீங்க வரும்போது நான் இங்க இருக்க மாட்டேன்' என்று அறிவித்தார். எங்கே போவதாக உத்தேசம் என்று பணிவோடு கேட்டேன். 'நீங்க போற மாதிரிதான், எங்கயாவது. ஒரே ஒரு வித்தியாசம், நான் அதைக் கட்டுரையா எழுதிக் காசாக்க மாட்டேன்' என்றார்."

ஆசிரியர் பலமாகச் சிரித்தார். நாற்காலியில் இருந்த இன்னொருவரும் சிரித்தார். பிறகு ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

"அவரே எழுதின மாதிரி இருக்கும்மா."

"பாதி வீட்டு அதிகாரி நிஜமாவே சொன்னதுதான்" என்றாள். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

பக்கம் முடிக்கிற இடத்துக்குக் கட்டுரையை அனுப்பினார்கள். எனக்கு டீ வந்தது. இந்தத் தடவை குடித்தேன். ஒரு வாரம் கிடைத்துவிட்டது என்று ஆசிரியர் சொன்னார். அந்த ஒரு வாரத்துக்குள் எல்லைப் பக்கத்தில் தெரிந்த டிரைவர் ஒருவர் மூலம் விசாரிக்கலாமாம். யார் அந்த டிரைவர், எவ்வளவு நம்பலாம் என்று நான் குடைந்துகொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

எடுத்த ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வணக்கம் சார்... ஆமா சார்... படிச்சீங்களா, சந்தோஷம்..." வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் கிசுகிசுத்தார். "தூதரகம்."

மறுபடி போனில், "எந்த விடுதின்னா... அது வந்து சார்..." என்று இழுத்தார். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில்.

மருமகள் எழுந்து போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். ஆசிரியர் ஒரு பட்டனை அமுக்கினார். அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது. நல்ல இதமான குரல்.

"வணக்கம் சார். நான் அவர் வீட்டுல பேசுறேன்."

"யாரு, வீட்டு அதிகாரியா?" அந்தப் பக்கம் ஒரே குதூகலம். "அம்மா, நான் உங்க ரசிகன்! மாடி ஒழுக்கு நின்னுச்சா?"

"எங்க சார் நின்னுச்சு? இவரு ஊர் மேயப் போனா வாளியை யாரு மாத்துறது? அந்தக் கோபத்துல ரெண்டு வார்த்தை கேட்கலாம்னுதான் ஆபீஸுக்கே வந்துட்டேன்."

குரலில் கத்தல், மிரட்டல், கிண்டல் எல்லாம் இருந்தது. என் மருமகளா இது என்று பார்த்தேன். அவளது இன்னொரு கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் வெளுத்துப்போயிருந்தது.

"பிரமாதம்மா, கட்டுரையில வர்ற மாதிரியே பேசுறீங்க. ஒண்ணுமில்லை, எங்க ஆள் ஒருத்தர் அந்த ஊர்லதான் இருக்கார். ஊர்சுற்றியைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லச் சொன்னேன். நீல ஜன்னல் விடுதிக்குப் போயிருக்கார். ஐயா காலி பண்ணிட்டுப் போய் வெகுநாள் ஆச்சுங்கிறாங்க. அதான் வேற எங்க தங்கியிருக்கார்னு..."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அப்படியா?" என்று இவள் எகிறினாள். "பார்த்தீங்களா சார், என்கிட்டயும் சொல்லலை! அந்த ஜன்னல்லயே உட்கார்ந்திருக்கிற மாதிரி ஊரையே ஏமாத்துறாரே! அவர் கையில கிடைச்சா முதல்ல எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க."

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்டிப்பா. கரையோட எந்தப் பக்கம் போறேன்னு ஏதாவது சொன்னாரா?"

ஆசிரியர் எதையோ எழுதிக் காட்டப் பேனாவைத் தேடினார். அது கீழே விழுந்தது. இவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"தெற்கே போய்ப் பார்க்கணும்னு ஒரு தடவை சொன்னார் சார். வெயில் நல்லா இருக்குமாம். எனக்கு இங்க வெயிலே பார்க்க நேரமில்லை."

"தெற்கா?"

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நல்லதும்மா" என்றது குரல். அதே இதம். சிரிப்பு மட்டும் இல்லை. "தெற்குப் பாதை அவ்வளவு நல்லா இருக்காது. தனியா போகக்கூடாத பாதை. நான் இப்பவே ஆள் அனுப்பித் தேடச் சொல்றேன். நீங்க கவலைப்படாம வீட்டுக்குப் போங்க."

போனை வைத்தாள். திரும்பினாள். முகத்தில் ஜெயித்துவிட்ட களை இருந்தது. "சமாளிச்சுட்டேன், இல்ல மாமா? நம்ம நாட்டு மாதிரி மலைன்னா வடக்கேதான் இருக்கும். அவங்க தெற்கே தேடட்டும்."

நான் ஆசிரியரைப் பார்த்தேன். அவர் கீழே விழுந்த பேனாவை எடுக்காமல் அப்படியே நின்றிருந்தார்.

"சொல்லித் தொலைங்க" என்றேன்.

"சுரங்கம் தெற்கேதான்ம்மா இருக்கு."

அவள் உட்காரவில்லை, அழவில்லை. போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அவரைத் திரும்பக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டு என்னம்மா சொல்லப் போறீங்க?"

"தெரியாது. கூப்பிடுங்க."

அவர் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப் பக்கத்தில் யாரும் எடுக்கவில்லை.